நாற்பத்திரண்டு லீற்றர்

படகு பாதி விலைக்குக் கிடைத்தது.
விற்றவர் கஃப்னர், மூன்றாம் மாடி, பதினேழாம் அறை.
காலையில் நான் சவரம் செய்துவிடும் முகம்.
"தாங்கி நிறையத்தான் விட்டேன்,
விளிம்புவரை. ஈரம் பிடிக்காது" என்றபோது
சீதனம் எண்ணிக் கொடுக்கிறவர் மாதிரி
விரல்களை மடக்கினார்.

அதற்குப் பிறகு ஐந்து மாரி.
ஃபவுலன்சேயில் மாடில்லாத ஒரு மாட்டுக் கொட்டில்.
வைக்கோல் கட்டுகளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் நடுவே
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது படகு.
வாசலுக்கு நேரே நீசன்.
தமிழில் அது வசவு.
இங்கே ஒரு மலை, கூம்பாக,
யாருக்கும் குனியாமல்.

மூடியைத் திருகினேன்.
பெற்றோல் மணக்கவில்லை.
வார்னிஷ் மணந்தது, பழம்புளி மணந்தது,
அதற்குள்ளே இன்னொன்று,
பேர் வைக்க யாரும் வராத ஒன்று.

தவபாலன் கைப்பம்போடு வந்தான்.
மின்சாரத்தில் ஓடுகிற எதுவும் வேண்டாம் என்றான்.
கைபேசியைக் காரில் வைத்துவிட்டு வா என்றான்.
கதவு இரண்டையும் விரியத் திறந்து
கல்லால் அண்டை கொடுத்தான்.
ஏரி நூறு அடிக்கு அப்பால்;
ஒரு துளியும் அதற்குத் தெரியக்கூடாது.
பிறகு மெல்லத்தான் பேசினோம்,
காய்ச்சல்காரர் தூங்குகிற வீட்டில் போல.

முதல் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தோம்.
சாயம் கூடின பிளேன்ரீ.
அடியில் மண்டி. அதன்மேல்
ஒரு முத்துத் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு திரிந்தது,
கலியாண வீட்டில்
எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாத ஆள்.

"கொஞ்சம் கொஞ்சமாய்க் காரில கலந்து அடிக்கலாம்."
"உன்ர காரில" என்றேன்.
அந்தக் கதை அதோடு முடிந்தது.

பம்ப் மூச்சிழுத்தது.
தெளிந்த குழாயில் பழுப்பாய் ஒரு கோடு
ஏறி, தயங்கி, கானுக்குள் இறங்கியது.
பார்த்துக்கொண்டே இருந்தவன்
"சேலைன் ரியூப்" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சொல்லத் தேவையுமில்லை.

தொண்ணூற்றிரண்டு, கொக்குவில்.
மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டர் சைக்கிள்.
பெற்றோல் அதற்கு மருந்து மட்டும்:
கார்பரேட்டருக்குள் நாலு துளி, ஓர் உதை,
இன்னும் இரண்டு துளி, இன்னோர் உதை.
இருமல் மருந்துப் போத்தலில் முக்கால்வாசி;
அலுமாரியில் காப்புச்சோடிக்குப் பக்கத்தில் வைத்து
அப்பா திறப்பை இடுப்பில் செருகியிருந்தார்.
பக்கத்து வீட்டுப் பவளராணிக்கு
இரவு பன்னிரண்டுக்கு வயிற்றுவலி கண்டபோது
எட்டுத் துளி செலவானது.
பிள்ளைக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும்.

நாற்பத்திரண்டு லீற்றர்
எத்தனை எட்டுத் துளி
என்று பெருக்கத் தொடங்கினேன்.
கைப்பிடி வழுக்கியது. விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை தூனுக்குக் கொண்டுபோனோம்,
கழிவு வாங்கும் இடத்துக்கு.
செம்மஞ்சள் உடுப்புப் பெண்
நாலு கானையும் தராசில் ஏற்றினாள்.
"என்ன இது?"
"பெற்றோல்."
மூடியைத் திறந்து முகர்ந்தாள்.
"இருந்தது" என்று திருத்தினாள்.
முப்பத்திரண்டு கிலோ.
கிலோவுக்கு இவ்வளவு என்று காசும் வாங்கி,
ரசீதும் தந்தாள்.
தவபாலன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பெற்றோலைக் கொடுத்து, மேலே காசும் கொடுத்து
இரண்டு பேர் வெறுங்கையோடு போகிறார்கள்
என்று அங்கே எங்காவது எழுதியிருக்கிறதா என்று.

திங்கள் காலை. பதினேழாம் அறை.
எலுமிச்சைச் சவர்க்காரம் மூன்று தரம் போட்டிருந்தேன்.
இடது கன்னம் முடிந்தது.
"ஓடிச்சுதா?" என்றார் கஃப்னர்.
"வசந்தம் வரட்டும்" என்றேன்.
மேலுதட்டுக்கு வந்தபோது
என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.
மூக்கருகே கொண்டுபோனார்.
கண்ணை மூடிக்கொண்டார், கொஞ்ச நேரம்.
கத்தி காற்றில் நின்றது.

"முழுதுமா?"
"முழுதும்."
"எவ்வளவு வாங்கினாங்கள்?"
சொன்னேன்.
"பகல்கொள்ளை" என்றார்,
நுரையோடு இருந்த
மற்றக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.